ஒன்பது பட்டு, ஒரு வெள்ளி

என் அண்ணியின் வயிற்றை எந்த நூலால் தைப்பது என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். ஆரணியில் நூலுக்கா பஞ்சம் என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புடவைக்கு நூல் பார்ப்பது வேறு, மனுஷி வயிற்றுக்கு நூல் பார்ப்பது வேறு. புடவையில் தப்பு வந்தால் முதலாளி திட்டுவார், அவ்வளவுதான். வயிற்றில் தப்பு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகாராணி ஆண்ட காலம் அது. எங்கள் பக்கம் ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஊர்க்கோடியில் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமுமாக ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதை நடத்தியவர் கடல் தாண்டி வந்த ஒரு டாக்டரம்மா. தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். அதனால் யாரைப் பார்த்தாலும் 'நீங்கள்'தான். தாழ்வாரத்தில் நுழைந்த ஆட்டைப் பார்த்து "தயவுசெய்து வெளியே போங்கள்" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததே என் வாயால்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரருக்குக் காலில் ஆணி ஏறிவிட்டது என்று கூட்டிப்போனேன். கம்பவுண்டர் போட்ட கட்டு நாலு அடி நடப்பதற்குள் அவிழ்ந்தது. எனக்கு வந்ததே கோபம்! "இது கட்டா, இல்ல கோவணமா?" என்று அவரைக் கேட்டுவிட்டு, துணியைப் பிடுங்கி நானே கட்டினேன். டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ஆள் அனுப்பினார். துணி துவைக்க, கட்டு போட, கத்தி கத்தரியைக் கொதிக்க வைக்க என்று ஆரம்பித்து, இரண்டு வருஷத்தில் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

நூல் எனக்குப் புதிதா? ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் நெசவு வீட்டில் பிறந்தவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளின் நுனியோடு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிணைப்பது என்று பேர். ஆயிரக்கணக்கான இழை. விரலை நாக்கில் தொட்டு, சாம்பலில் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சு கிடையாது, அந்தத் திருகிலேயே நின்றுவிடும். நாக்கு, சாம்பல், திருகு. சேவூரில் என்னைவிட வேகமாகப் பிணைக்கிறவள் அப்போது இல்லை என்று நான் சொல்லவில்லை, எல்லாரும் சொன்னார்கள்.

இதை எனக்குப் பழக்கியவள் அண்ணிதான். என்னைப் பெற்றவள் எனக்கு நினைவு தெரியும் முன்னே போய்விட்டாள். மூன்று வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற என்னை, முள்ளிப்பட்டிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வந்த அன்றே இடுப்பில் தூக்கிக்கொண்டாளாம். கல்யாணப் புடவையில் என் மூக்கு பட்டதில் ஆரம்பித்தது எங்கள் உறவு. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிள்ளை என்று சொன்னால் நான்தான்.

அந்த அண்ணிக்கு முப்பத்தைந்து வயதுக்குமேல் வயிறு பெருக்க ஆரம்பித்தது. தெருவே சந்தோஷப்பட்டது. கர்த்தர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று கோயிலில் ஸ்தோத்திரம் சொன்னோம். பக்கத்து வீட்டுக்காரி மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். பத்து மாதம் ஆயிற்று, பதினைந்து மாதம் ஆயிற்று, பிள்ளையைக் காணோம். வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பேய்க் கர்ப்பம் என்றாள் ஒருத்தி. அவளோடு நான் போட்ட சண்டையில் கிணற்றடியே காலியாகிவிட்டது. இப்படியே நாலு வருஷம். கடைசியில் அண்ணியால் மல்லாந்து படுக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. கையும் காலும் குச்சி குச்சியாகப் போய்விட்டன, வயிறுதான் ஆள் என்று ஆகிவிட்டது.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே கட்டி இருக்கிறது. எடுக்காவிட்டால் இந்த வருஷத்தைத் தாண்ட மாட்டார்கள். எடுத்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்" என்றார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷி. அண்ணன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அண்ணிதான் கேட்டாள்: "எடுத்துட்டா மல்லாந்து படுக்கலாங்களா?" படுக்கலாம் என்றார். "அப்போ எடுத்துடுங்க, போதும் இந்தப் பேஜாரு."

அங்கேதான் நூல் வந்து நின்றது.

வயிற்றைத் திறப்பது பெரிதில்லை, மூடுவதுதான் பெரிது என்பார் டாக்டரம்மா. இருமினாலும் தும்மினாலும் உள்ளேயிருந்து தள்ளும். தையல் பத்து நாளாவது அதைப் பிடித்து நிற்க வேண்டும். அதுவே சீழுக்கு வழியாகவும் ஆகக்கூடாது. தையலுக்கான சாமான்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்து, ரயிலில் வந்து, ஆரணி ரோடு ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வரும். அந்த வருஷப் பெட்டியைப் பிரித்தோம். ஒரு பாட்டிலில் எண்ணெய்க்குள் சுருண்டு கிடந்தது ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு. வெயிலில் எண்ணெய் கெட்டு, நரம்பு ஊறி, இழுத்தால் சேமியா மாதிரி அறுந்தது. நாற்றம் வேறு. சீமைப் பட்டு நூல் ஒரு கண்டு. நான் நகத்தால் நிமிண்டிப் பார்த்தேன், பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. உப்புக்காற்று குடித்த நூல். மிச்சம் இருந்தது ஒரு சின்னச் சுருள் வெள்ளிக் கம்பி. அதைப் புழு அரிக்காது, எண்ணெய் கெடுக்காது. ஆனால் கம்பி விறைப்பானது, மெலிந்த உடம்பில் சதையை அறுத்துவிடும், வயிறு முழுக்க அதைப் போடத் தைரியம் இல்லை என்றார்.

அண்ணியிடம் போய் மூன்றையும் சொன்னேன். ஆட்டுக்குடல் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் குடலுக்கு ஆட்டுக்குடல் சம்பந்தியா? இன்னாடி கதை இது!" வெள்ளி என்றதும், "ஏன், வெள்ளியே போடச் சொல்லேன். என் காலுக்குத்தான் கொலுசு இல்ல, வயித்துக்காவது இருக்கட்டும்" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். வியாதிக்காரி யார் என்று வெளியாள் பார்த்தால் குழம்பிப்போவான்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பட்டு இருக்கிறது. எனக்கு நூலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள், எது வேண்டும்?" அவ்வளவு படித்தவர், எனக்குத் தெரியாது என்று என்னிடம் சொன்னார். அதற்கே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அன்று ஆரம்பித்தது சண்டை. அண்ணன் கல்யாணப் புடவைக்கு வைத்திருந்த அரக்குச் சிவப்புப் பாவிலிருந்து ஒரு கண்டு எடுத்து வந்தார். இருப்பதில் உசத்தி அதுதான். "சாயம் போட்டது ஆவாதுண்ணா, உள்ள போய் சாயம் வுட்டா?" என்றேன். உடனே வெள்ளை நூல் எடுத்தார். அதில் கஞ்சி போட்டிருந்தது. "கஞ்சி இல்லாம நூலு நிக்குமா? நேத்து பொறந்தவ எனக்குச் சொல்ல வந்துட்டா" என்று கத்தினார். "தறியில நிக்கும்ண்ணா. வயித்துக்குள்ள கஞ்சி புளிச்சிப்பூடும். புளிச்ச கஞ்சி இன்னா ஆவும்னு நீயே சொல்லு" என்றேன் நானும். அவருக்குக் கோபம் என்மேல் இல்லை, எனக்குத் தெரியும். அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, நல்ல நூல் கொடுப்பது. அதையும் நான் வேண்டாம் வேண்டாம் என்றால் மனுஷன் என்ன செய்வார்?

கடைசியில் சாயம் ஏறாத, கஞ்சி காணாத பச்சைப் பட்டு எடுத்தோம். அதிலும் புழுவின் பசை இருக்கும். சவுக்காரத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசையை எடுத்தோம். பசை போனதும் நூல் பஞ்சாகத் துவண்டது, ஒற்றை இழையில் பலமும் இல்லை. மூன்றைச் சேர்த்து முறுக்க வேண்டும். முறுக்கு குறைந்தால் பிரியும், அதிகமானால் முடிச்சில் சுருண்டு வெட்டிக்கொள்ளும். நானும் அண்ணனும் ஆளுக்கு இரண்டு முறுக்கினோம். நனைத்து எடைக்கல் கட்டித் தொங்கவிட்டதும் நாலும் அறுந்து விழுந்தன.

"கொண்டா இங்க" என்றாள் அண்ணி. திண்டு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பெரிய வயிற்றின்மேலேயே நூலை வைத்து, தொடையில் உருட்டி முறுக்க ஆரம்பித்தாள். அரைமணிக்கு ஒரு நூல். மூச்சு வாங்கும், நிறுத்துவாள், மறுபடி உருட்டுவாள். நான் தடுத்தேன். "என் வயித்துக்கு நூலு நான் முறுக்காம வேற எவ முறுக்குவா? தள்ளிப்போடி, வெளிச்சத்த மறைச்சிகினு." அண்ணன் கல்லைத் தொங்கவிட்டார், நின்றது. மேலே இன்னொரு கல், அப்போதும் நின்றது. நனைத்து ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பார்த்தார், நின்றது. அண்ணன் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாளில் பதினைந்து நூல் முறுக்கினாள்.

புண் கெடாமல் இருக்கப் போடும் கார்பாலிக் மருந்துத் தண்ணீரில் கொதிக்கவைத்தபோது மூன்றில் நுனி பிரிந்தது, எறிந்துவிட்டேன். பன்னிரண்டு மிச்சம். உள்ளே கட்டியின் காம்பைக் கட்ட இரண்டு, வயிற்றை மூடப் பத்து. கணக்குச் சரியாக இருந்தது. சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் முதல் புத்திகெட்ட வேலை.

புதன்கிழமை காலை, வெயில் ஏறும் முன். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் அண்ணன் முழங்காலில் நின்றார். உள்ளே மேசையில் அண்ணி. தலைமாட்டில் கம்பவுண்டர் மயக்க மருந்தோடு. அவர் கண் அண்ணியின் மூக்கை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. மருந்து துணியில் விழும் முன் அண்ணி என்னைப் பார்த்து, "நல்லா ஞாபகம் வெச்சிக்க, பிரிஞ்சா நூல் மேல குத்தம் இல்ல" என்றாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

கட்டி வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். ஒரு வாளி நிறைந்தது என்று மட்டும் சொல்கிறேன். காம்பை அண்ணியின் நூலால் இரண்டு கட்டு கட்டினார் டாக்டரம்மா. இழுத்துப் பார்த்தார். "நல்ல நூல்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று.

மூடும் வேலை ஆரம்பித்தது. வளைந்த ஊசி எங்களிடம் ஆறுதான். ஆறிலும் முன்னாலேயே நூல் கோத்து வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாங்கி வாங்கிப் போட்டார். ஆறு தீர்ந்ததும், போட்டு முடித்த ஊசியைக் கழுவி மறுபடி கோத்துக் கொடுக்க வேண்டும். ஏழாவது எப்படியோ கோத்துவிட்டேன். எட்டாவதற்குக் கை வரவில்லை. காலையிலிருந்து கார்பாலிக் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்துக் கிடந்தது. நூல் விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நுனி வேறு பூ மாதிரி விரிந்துகொண்டது. ஒரு தரம் குத்தினேன், விலகிற்று. இரண்டு, மூன்று. டாக்டரம்மா கையை நீட்டியபடியே, "ஊசி" என்றார். கம்பவுண்டர், "ஜல்தி, ஜல்தி, மூச்சு சின்னதாவுது" என்றார். நாலாவது தரம் நூல் பாந்தமாக நுழைந்தது. கொடுத்தேன். டாக்டரம்மா ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார்.

அப்போதுதான் என் உதடு எரிந்தது.

உதட்டை நாக்கால் தடவினேன். கார்பாலிக் கசப்பு. எப்படி என் உதட்டுக்கு வந்தது? ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. நாக்கு, சாம்பல், திருகு. சேவூர்க் கை தன் வேலையைத் தானே செய்துவிட்டது. அந்த நூலின் நுனியை நான் வாயில் வைத்து ஈரப்படுத்தி, திருகி, ஊசியில் கோத்திருக்கிறேன். எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் புண் கெடும் என்று இரண்டு வருஷமாக டாக்டரம்மா தலையில் அடித்துச் சொன்ன பாடம். அந்த எச்சில் நூல் இப்போது என் அண்ணியின் வயிற்றைத் துளைத்து நிற்கிறது.

யாரும் பார்க்கவில்லை. டாக்டரம்மா புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், கம்பவுண்டர் மூக்கை. அந்த ஒரு நொடியில் என் மனம் பேசிய பேச்சை நான் மறைக்கப் போவதில்லை. கார்பாலிக்கில் ஊறிய நூல்தானே, ஒன்றும் ஆகாது என்றது. சொன்னால் தையலைப் பிரிப்பார்கள், நேரம் ஆகும், மூச்சு நின்றுவிடும் என்றது. சொன்னால் உன் வேலை போகும், உன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பாய் என்றது. எவ்வளவு நியாயமாகப் பேசியது தெரியுமா! ஊரில் வக்கீல்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார். டாக்டரம்மா முடிச்சுப் போட இரண்டு நுனியையும் கையில் எடுத்தார்.

"அம்மா, நிறுத்துங்க" என்றேன். குரல் எனதாக இல்லை. "அந்த நூல நான் வாயில வெச்சிட்டேன்."

டாக்டரம்மா கை அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் குனிந்து, நூலை ஒட்ட வெட்டி, உருவி எடுத்து வாளியில் போட்டார். அந்த ஊசியையும் போட்டார். கை கழுவினார். துளைத்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "நன்றி. அடுத்த ஊசியைக் கொடுங்கள்" என்றார்.

கோயிலில் கர்த்தருக்கு நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷர் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எதற்கு? நான் செய்த தப்புக்கு.

நானும் கையை மறுபடி கழுவிவிட்டு மீதி இரண்டையும் கோத்தேன். எப்படிக் கோத்தேன் என்று கேட்காதீர்கள். பத்தாவது தையலுக்கு நூல் இல்லை. புதிதாகக் கொதிக்கவைக்க நேரமில்லை, அண்ணியின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. தட்டில் துணைக்கு வைத்திருந்த வெள்ளிக் கம்பியை டாக்டரம்மா எடுத்தார். காலியாக விட்டிருந்த எட்டாவது இடத்தில், நான் கெடுத்த துளைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு வெள்ளித் தையல் போட்டுக் கம்பியை முறுக்கிவிட்டார். ஒன்பது பட்டு, ஒரு வெள்ளி.

அண்ணி கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். அடுத்த மூன்று நாளும் காய்ச்சல் இல்லை. தினம் காலையில் கட்டைப் பிரிப்பதற்கு முன் நான் குனிந்து மோந்து பார்ப்பேன். நாற்றம் இருந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். நாலாம் நாள் நாற்றம் இல்லை, ஆனால் உடம்பு சுட்டது. கட்டைப் பிரித்தால் ஒன்பது பட்டும் சுத்தமாக இருந்தன. வெள்ளிக்குப் பக்கத்தில், நான் கெடுத்த துளை மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. என் எச்சில் பட்ட இடம். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

டாக்டரம்மா அந்தத் துளையை மெல்ல அழுத்தினார். ஒரு சொட்டுச் சீழ் வந்தது. கழுவினார், திரி வைத்தார். அன்று மூன்று தடவை, மறுநாள் மூன்று தடவை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்த நூல் உள்ளே இருந்திருந்தால் இந்தச் சீழுக்கு வெளியே வர வழி இருந்திருக்காது." அப்புறம், "நான் படித்து முடித்த வருஷம் ஒரு தவறு செய்தேன். யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்" என்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வியாதிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. வேப்பமரத்தடியில் இருந்த அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மனுஷன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அந்தக் கையைப் பிடுங்கிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. எந்தக் கையை ஒற்றிக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரியாதே.

பத்தாம் நாள் தையல் பிரித்தோம். அண்ணி ரொம்ப நாளைக்குப் பிறகு மல்லாந்து படுத்திருந்தாள். அதிலேயே அவளுக்கு ராஜ்யம் கிடைத்த மாதிரி. டாக்டரம்மா ஒவ்வொரு பட்டையும் வெட்டி எடுத்து ஒரு பீங்கான் தட்டில் வைத்தார். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை, நெகிழ்ந்திருக்கவில்லை. கடைசியாக வெள்ளியை எடுத்தார். கழுவி அதையும் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். அண்ணி தட்டைத் தன் பக்கம் இழுத்து எண்ணினாள். நூல்காரி எண்ணாமல் விடுவாளா?

"பட்டு ஒம்போது கீது. பத்தாவது வெள்ளி. ஏண்டி? பன்னெண்டு நூல் சரியா வருதுன்னு நீதான சொன்னே? ஒண்ணு எங்க போச்சி?"

பத்து நாளாக நெஞ்சில் கிடந்தது அப்படியே வெளியே வந்து விழுந்தது. மரத்த விரல், விரிந்த நுனி, நாக்கு, வாளியில் போட்ட நூல், சீழ், காய்ச்சல், எல்லாம். "என் எச்சிதான் உன்ன படுத்துடுச்சி அண்ணி. நான்தான் உன்ன கொல்லப் பாத்தேன்" என்று கட்டில் கால் ஓரமாக உட்கார்ந்து அழுதேன்.

நிமிர்ந்து பார்த்தால், அண்ணி ஒரு கையால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். "ஐயோ, சிரிக்க வெக்காதடி பாவி, திரும்பப் பிரிஞ்சிக்கப் போவுது" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றுதான் அவளுக்கு முதல்முதலாகக் கெட்டிக் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கிண்ணத்தை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி" என்றாள்.

"எனக்கு வேணாம் அண்ணி."

"குடிடின்றேன். மூணு வயசுல நீ அளைஞ்சிட்டுப் போன சோத்தத்தான் எத்தினி வருசம் நான் துன்னேன். பாதி கடிச்சிட்டு வெச்ச அப்பம், பாதி குடிச்சிட்டு வெச்ச மோரு, எல்லாம் எனக்குத்தான். அதுல வளந்த வயிறு இது. உன் எச்சிக்கா இது பயந்துடப் போவுது? குடி."

ஒரு வாய் குடித்தேன். அவள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். நான் வாய் வைத்த பக்கத்தையே திருப்பிக்கொண்டு மிச்சத்தைக் குடிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். இரண்டு வருஷமாக எங்களுக்கு எச்சில் பாடம் நடத்தியவர். அண்ணி குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்.